மாட்டுக்கொட்டிலுக்குச் சோடனை

விமலநாதன் ஒரு சபதம் எடுத்தார். ஒரே மகள் நிருஷாவின் கலியாணத்தில் மணவறை, பூ, சோடனை மூன்றும் தன் சொற்படிதான் நடக்கும். நடக்காவிட்டால் தன் பெயர் விமலநாதன் இல்லை.

சபதம் எடுத்த இடம் டோர்வல் விமான நிலையம். பயணப் பெட்டிகள் வந்து விழுகிற இடத்துக்குப் பின்பக்கம். கேட்டுக்கொண்டிருந்தவர் கூட வேலை செய்யும் இரவிச்சந்திரன் ஒருவர்தான். வீட்டில் வைத்து எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டில் எடுக்கிற சபதத்தை யார் காதில் போடுகிறார்கள்?

வேலையிடத்தில் விமலநாதன் மேற்பார்வையாளர். கையைத் தூக்கினால் வண்டிகள் நிற்கும். கையை ஆட்டினால் ஓடும். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கிற தன் வீட்டுக்குள் நுழைந்து கையைத் தூக்கினால், "தூக்கினதோடை மேல் தட்டிலை கிடக்கிற அந்தச் சட்டியை எடுங்கோ" என்பார் மனைவி பாலாம்பிகை. அவரும் எடுத்துக் கொடுப்பார்.

இரவிச்சந்திரன் சனி, ஞாயிறுகளில் மணவறை வாடகைக்குக் கொடுக்கிறவர். அவரிடம் புதிதாக ஒன்று வந்திருந்தது. முழுக்கத் தங்க நிறம். இரண்டு பக்கமும் ஆளுயர யானை. யானைகளின் தும்பிக்கையிலிருந்து தண்ணீர் பாயும். பாய்கிற தண்ணீர் நிறம் மாறும். விமலநாதன் அதை ஒரு கலியாண வீட்டில் கண்ட நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த இரண்டு யானைக்கும் நடுவில் தன் பிள்ளை இருப்பதைச் சனம் பார்க்க வேண்டும். தகப்பன் என்று ஒருவன் இருந்ததற்கு அதுதான் அடையாளம். இது ஒரு பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

"விமல் அண்ணை, யானையை உங்களுக்கெண்டு பிடிச்சு வைக்கட்டோ?" என்று கேட்டார் இரவிச்சந்திரன்.

"பிடிச்சு வை. தும்பிக்கையிலை தண்ணி வாற யானை. சும்மா நிக்கிற யானை எனக்கு வேண்டாம்."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து ஒரு சப்பாத்தைத்தான் கழற்றியிருப்பார். தலையில் இடி விழுந்தது.

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்குக் கலியாண ஹோல் வேண்டாமாம்" என்றார் பாலாம்பிகை. "ஆரோ ஒரு பண்ணையிலை கொட்டில் ஒண்டு இருக்காம். அதுக்குள்ளைதான் கலியாணம் வைக்க விருப்பமாம்."

"என்ன கொட்டில்?"

"மாட்டுக்கொட்டில்."

"அப்ப மாடு எங்கை போறது?"

"மாடு இப்ப இல்லை. முந்தி நிண்டதாம். இப்ப அதுக்குள்ளை கலியாணந்தான் நடக்குதாம்."

"மாடு நிண்ட இடத்திலை மாப்பிள்ளை நிக்கிறதோ? விசரே உங்களுக்கு?"

"ஏன், ரெண்டையும் கட்டித்தானே வைக்கிறது?"

விமலநாதன் மற்றச் சப்பாத்தைக் கழற்ற மறந்து நின்றார். பாலாம்பிகை சுளகில் அரிசியைப் புடைத்துக்கொண்டே மேலே சொன்னார். "காட்டுப் பூ, வைக்கோல், மரக்குத்தி, மெழுகுதிரி. நாட்டுப்புறக் கலியாணமாம். இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு இப்ப அதிலைதான் ஆசை. ரொமான்ரிக்காம்."

"மெழுகுதிரியோ? கரண்ட் இல்லாமல் கலியாணம் செய்யவோ நான் கடல் கடந்து வந்தனான்?"

பிள்ளையைக் கூப்பிட்டு நேரே இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு வழமை இருந்தது. நிருஷா தகப்பனிடம் நேரே வந்து ஒன்றும் கேட்டது கிடையாது. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போவது தொடங்கி, கர்க்லாண்டில் இருக்கிற பிரசாந்தைத்தான் கட்டுவேன் என்பது வரைக்கும் எல்லாம் தாயின் வாய் வழியாகத்தான் தகப்பனின் காதுக்கு வரும். தகப்பனின் பதிலும் அந்த வழியால்தான் போகும். எங்கள் வீடுகள் பலவற்றில் இப்படித்தான். தகப்பன்மாருக்கும் அது வசதி. கோபமாகச் சொன்னது மறுபக்கம் போய்ச் சேரும்போது சம்மதமாக மாறியிருக்கும். எல்லாருக்கும் நிம்மதி.

அடுத்து பாலாம்பிகை சொன்னதுதான் விமலநாதனின் தலையைச் சுற்ற வைத்தது.

"ஆனா ஒண்டு. பூவும் சோடனையும் நீங்களே தெரிவு செய்யுங்கோ. நான் வாய் திறக்கமாட்டன்."

விமலநாதன் கதிரையைத் தேடிப் பிடித்து இருந்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் தான் போடுகிற காலுறையைக்கூட அவர் தெரிவு செய்தது கிடையாது.

"நானோ?"

"நீங்கள்தான்."

"எல்லாமோ?"

"எல்லாம். பூவிலை இருந்து மாப்பிள்ளை எதிலை வந்து இறங்கிறது எண்டது வரை."

அடுத்த நாள் வேலையில் அவர் இந்தக் கொடுமையை இரவிச்சந்திரனிடம் கொட்டித் தீர்த்தார். இரவிச்சந்திரன் ஒரு பெட்டியில் சாய்ந்துகொண்டு யோசித்தார்.

"எதிர்த்துக் கதைச்சனீங்களோ?"

"இன்னும் இல்லை."

"கதைச்சுப் போடாதேங்கோ. எதிர்த்தால் அவையளுக்கு ஆசை கூடும். ஓமெண்டு சொல்லுங்கோ. தெரிவு உங்கடை கையிலைதானே? இருக்கிறதிலையே படு கேவலமானதாப் பார்த்துச் சொல்லுங்கோ. கேட்டால் பிள்ளை தானா ஹோலுக்கு ஓடி வரும்."

விமலநாதனுக்கு அவரைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. முள்ளை முள்ளாலே எடுக்கிற வித்தை! இத்தனை நாளும் இது தன் மூளையில் ஏறாமல் போயிற்றே என்று பின்னேரம் முழுக்கத் தன்னையே நொந்துகொண்டார்.

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பண்ணைக்குப் போனார்கள். பனி உருகி முடிகிற காலம். பெரிய பாலத்தைத் தாண்டி ஒரு மணித்தியாலம் ஓடியிருப்பார்கள். காரை விட்டு இறங்கின முதல் அடியிலேயே விமலநாதனின் சப்பாத்து சேற்றுக்குள் போயிற்று. கால் மட்டும் திரும்பி வந்தது. அவருக்கு உள்ளூரச் சந்தோசம். சேறு இருக்கிறது. மொய்க்கிற இலையானும் இருந்தால் இன்னும் விசேசம்.

"பிள்ளையள் ஏன் வரேல்லை?" என்று கேட்டார்.

"அதுகளுக்கு வேலையாம். நாங்கள் பார்த்தால் காணுமாம்" என்றார் பாலாம்பிகை.

பண்ணைக்காரி மெலனி முழங்கால் வரை றப்பர் சப்பாத்தும் காது வரை சிரிப்புமாக வந்தார். பாலாம்பிகை கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வருடக் கணக்காகக் குழந்தைகளைப் பார்க்கிறவர். பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விமலநாதனுக்குத் தெரிந்தது போன்ஜூரும் மெர்சியும். இரண்டையும் சொல்லி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்கள் இருவரும் கதைத்தார்கள். கதையின் நடுவில் மெலனி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்து உருகினார். திரும்பவும் கதைத்தார்கள்.

"என்னவாம்?"

"உங்களைப் பார்த்தால் நல்ல மனுசன் மாதிரித் தெரியுதாம்."

"அதைச் சொல்ல இவ்வளவு நேரமோ?"

"மிச்சம் பேந்து சொல்லுறன். வாங்கோ."

கொட்டில் கோயில் மாதிரி உயரம். பழைய மரம். மேல் பலகை இடுக்குகளால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மெலனி முதலில் ரோசாப்பூப் படங்களைக் காட்டினார். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள். பார்க்கப் பார்க்க அழகு. ஆபத்தான அழகு. விமலநாதன் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

"ரோசா வேண்டாம். கொட்டிலுக்குப் பொருந்தாது. அந்த மூலையிலை தொங்குறது என்ன?"

"அது காட்டு முட்செடியாம். பூவோடை காய வைச்சதாம்."

"அதுதான் வேணும். பொம்பிளை மாப்பிள்ளை இருக்கிற இடம் முழுக்க முள்ளுத்தான். வேறை ஒண்டும் வேண்டாம்."

இப்போது ஐயோ என்று ஒரு குரல் வரும் என்று காத்திருந்தார். பாலாம்பிகை ஒரு கணம் அந்த ரோசாப் படத்தைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்த்தார். மெலனி இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"மானிஃபிக்!"

"என்னவாம்?"

"அற்புதமாம். இவ்வளவு ரசனையுள்ள ஆம்பிளையைத் தான் இண்டைக்குத்தான் காணுறாவாம்."

விமலநாதன் தளரவில்லை. மேசை விரிப்புக்கு வந்தார்கள். "உருளைக்கிழங்குச் சாக்கு" என்றார். "தோய்க்கவும் தேவையில்லை." மானிஃபிக்! மெலனி ஓடிப்போய் ஒரு அடுக்குச் சாக்கைக் கொண்டு வந்தார். அவற்றின் ஓரத்துக்கு லேஸ் வைத்துத் தைத்திருந்தது. பூ வைக்க என்ன என்று கேட்டார்கள். "ஊறுகாய்ப் போத்தல். ஒட்டியிருக்கிற பேப்பரையும் கிழிக்க வேண்டாம்." மானிஃபிக்! ஆட்கள் எதில் இருப்பது? "வைக்கோல் கட்டிலை. குத்தினால் குத்தட்டும்." மானிஃபிக்! சுவரில் ஒரு உடைந்த கதவு சாய்ந்து நின்றது. "மணவறை அந்த உடைஞ்ச கதவுக்கு முன்னாலை" என்றார். அந்தக் கதவுக்கு முன்னால் நின்று படம் எடுக்கத்தான் சனம் தூர இடங்களிலிருந்து வருகிறது என்று மெலனி சொன்னாராம்.

விமலநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாக்கு என்றால் சாக்குத்தானே? உடைந்த கதவு என்றால் உடைந்த கதவுதானே? இந்த நாட்டில் கேவலம் என்று ஒன்றுமே கிடையாதா? கீழே கீழே என்று இறங்குகிறார், இறங்குகிற இடத்திலெல்லாம் மெத்தை போட்டு வைத்திருக்கிறார்கள்.

இனி மாப்பிள்ளையில் கை வைக்க வேண்டியதுதான். பிரசாந் நல்ல பெடியன். ஆனால் தலைமயிர் ஒன்று கலைந்தாலும் கண்ணாடியைத் தேடுகிற பெடியன். அவனே கலியாணத்தைக் கொட்டிலிலிருந்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

"மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை வேண்டாம். வைக்கோல் தொப்பி. வந்து இறங்கிறது உழவு மெசின் பின்னாலை இழுக்கிற பெட்டியிலை. இருந்துகொண்டு இல்லை, நிண்டுகொண்டு."

மெலனி உடனே அளவு நாடாவை எடுத்தார். எடுத்து விமலநாதனின் தலையைச் சுற்றினார்.

"என்ரை தலையை என்னத்துக்கு அளக்கிறா?"

"தொப்பிக்கு."

"பிரசாந்தின்ரை தலையை அளக்கட்டுமன்."

"பிரசாந் இஞ்சை இல்லை. அளவுக்கு ஒரு தலை வேணுமே?"

நியாயமாகத்தான் பட்டது. விமலநாதன் தலையைக் கொடுத்தார். நாடா தோளுக்கு வந்தது. பிறகு இடுப்புக்கு இறங்கியது.

"இடுப்பையும் அளக்கிறா!"

"அரைப்பட்டிக்கு."

"பிரசாந்தின்ரை இடுப்பு என்ரை இடுப்பிலை பாதிதானே?"

"கலியாணம் கட்டினால் சரியா வந்திடும்" என்றார் பாலாம்பிகை.

திரும்பி வரும்போது விமலநாதன் கடைசிக் குண்டையும் போட்டார். "இன்னுமொண்டு. தாலி கட்டி முடிஞ்ச கையோடை மாப்பிள்ளை ஆட வேணும். வெறுங்காலோடை, வைக்கோலுக்கு மேலை, எல்லாருக்கும் முன்னாலை, பொம்பிளையின்ரை இடுப்பிலை கையை வைச்சு. குறைஞ்சது ரெண்டு பாட்டு."

பாலாம்பிகை கொஞ்ச நேரம் கார் கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. கோபமாக்கும் என்று விமலநாதன் மனம் குளிர்ந்து போனார்.

"மூண்டு பாட்டாக்கட்டோ?" என்று கேட்டார் பாலாம்பிகை.

அந்த நிமிடம் தொட்டு விமலநாதனின் மண்டைக்குள் ஒரே குழப்பம். மனிசி ஏன் ஒன்றுக்கும் மறுத்துப் பேசவில்லை? தான் உண்மையிலேயே ரசனையுள்ளவனோ? வேலையில் யாரோ ஒருவரின் கிழிந்த சாக்குப் பொதி பெல்ட்டில் வந்தபோது, இதற்கு லேஸ் வைத்தால் நன்றாயிருக்குமே என்று ஒரு எண்ணம் ஓடியது. பயந்து போனார். ஒரேயொரு நம்பிக்கைதான் மிச்சம். பிள்ளை இன்னும் இதைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிருஷாவும் பிரசாந்தும் சாப்பிட வந்தார்கள். நண்டுக் குழம்பு. விமலநாதன் தொண்டையைச் செருமினார். இத்தனை வருட வழமையை உடைத்துக்கொண்டு, மகளிடம் நேரே வாயைத் திறந்தார்.

"பிள்ளை, உன்ரை கலியாணச் சோடனையை நான் முடிவு செய்திட்டன்."

ஒன்றையும் விடாமல் சொன்னார். முள்ளு, சாக்கு, ஊறுகாய்ப் போத்தல், உடைந்த கதவு. உழவு மெசின் பெட்டிக்கு வந்தபோது பிரசாந்துக்குப் புரையேறியது. ஆட்டத்துக்கு வந்தபோது அவன் கையில் இருந்த நண்டுக்கால் சோற்றுக் கோப்பையில் விழுந்தது.

நிருஷா கண்ணை அகல விரித்தாள். "எனக்கு ஏனப்பா முள்ளு? எனக்கு யானைதான் வேணும். தும்பிக்கையிலை தண்ணி வாறது. நானும் பிரசாந்தும் இரவி அங்கிளிட்டை போய்ப் பார்த்திட்டு வந்தாச்சு. ஆவணிக்கு ஹோலும் சொல்லியாச்சு."

விமலநாதன் எழுந்து நின்றுவிட்டார். சண்டையே இல்லாமல் வெற்றி! கண் கலங்கியது. "என்ரை பிள்ளை! என்ரை பிள்ளையெல்லோ!" என்று அவள் தலையைத் தடவினார், நண்டுக் குழம்புக் கையால். பிறகு வெற்றிக்கொடியோடு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"கேட்டீரோ? இனி அந்த மெலனிக்குப் போன் எடுத்து நிப்பாட்டும்."

"என்னத்துக்கு நிப்பாட்டுவான்?" என்றார் பாலாம்பிகை, சோறு போட்டுக்கொண்டே.

"கொட்டிலிலைதான் கலியாணம் இல்லையே!"

"ஆர் சொன்னது? கொட்டில் ஆனி மாதத்துக்கு. முற்காசும் குடுத்தாச்சு."

"ஆனியிலை ஆருக்குக் கலியாணம்?"

பிரசாந் தன் கோப்பையை மிகக் கவனமாகப் பார்த்தான். நிருஷா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள்.

"ஆனியிலை இந்த வீட்டிலை ஆருக்கு அறுபது முடியுது?" என்று கேட்டார் பாலாம்பிகை.

மேசையில் அறுபதை நெருங்கினவர் ஒருவர்தான் இருந்தார். அவர் மெதுவாகக் கதிரையில் இறங்கினார். அறுபது நிறைந்தால் கட்டின மனிசிக்கே இன்னொரு தரம் தாலி கட்டுகிற அறுபதாம் கலியாணம். தலையை அளந்தது, இடுப்பை அளந்தது, மெலனி நெஞ்சில் கையை வைத்து உருகியது எல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக அவருக்குள் வந்து விழுந்தன, பெல்ட்டில் பெட்டி வருகிற மாதிரி.

"நிருஷாவுக்கு எண்டெல்லோ சொன்னனீர்?"

"பொய்தான் சொன்னனான். வேறை என்ன செய்ய? போன வருசம் உண்மையாக் கேட்டனான். 'கிழவனைச் சோடிச்சு ஆருக்குக் காட்டப் போறீர்? செத்த பிறகு சோடியும்' எண்டு சொன்னனீங்கள். ஞாபகம் இருக்கோ?"

"அதுக்கு என்னைக் கொண்டே தெரிவு செய்விக்கிறதோ?"

"நான் தெரிவு செய்திருந்தால் நூறு குறை சொல்லியிருப்பியள். உங்கடை தெரிவிலை நீங்கள் குறை சொல்ல ஏலாதே?"

"ஐயர் மாட்டுக்கொட்டிலுக்கு வருவாரோ?" இது கடைசித் துரும்பு. விமலநாதன் அதைப் பிடித்துத் தொங்கினார்.

"கேட்டாச்சு. மாடு நிண்ட இடம் இன்னும் விசேசமாம்."

"நான் வரமாட்டன்."

பாலாம்பிகை அகப்பையைக் கீழே வைத்தார். இந்தத் தடவை அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எங்கடை கலியாணம் எங்கை நடந்தது? தை மாதத்துப் பனியிலை, ஆரோ ஒருத்தரின்ரை பேஸ்மென்ற்றிலை. சுத்தி வரப் பிளாஸ்டிக் பூ. போட்ட மாலையும் பிளாஸ்டிக். அதுவும் இரவல். அடுத்த கலியாணத்துக்கு வேணுமெண்டு படம் எடுத்த கையோடை என்ரை கழுத்திலை இருந்து கழட்டிக்கொண்டு போட்டினம். நான் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை. இண்டைக்குச் சொல்லுறன். எனக்கு ஒருக்காலெண்டாலும் நிசப் பூவுக்கு நடுவிலை உங்களோடை இருக்க வேணும்."

விமலநாதனுக்கு அந்தப் பேஸ்மென்ற் ஞாபகம் வந்தது. அங்கே நிலம் குளிர்ந்தது ஞாபகம் இருந்தது. சாப்பாடு ஞாபகம் இருந்தது. மாலையைக் கழற்றினது மட்டும் ஞாபகமே இல்லை. கோப்பையில் கிடந்த நண்டு ஓட்டை ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"எண்டாலும் முள்ளெல்லோ சொல்லிப்போட்டன்" என்றார் மெல்ல. "ரோசாவெண்டு சொல்லியிருக்கலாம்."

"பரவாயில்லை. முள்ளெண்டாலும் நிசந்தானே?"

"மெலனியிட்டைச் சொல்லி ரோசாவும் வைப்பிக்கலாமோ?"

"கேட்டுப் பாக்கிறன்."

"அப்ப அந்த உழவு மெசினையும்..."

"அது மாறாது. இரவிச்சந்திரன் அதைத்தான் வீடியோ எடுக்கப் போறாராம்."

விமலநாதன் கேள்வியை விட்டுச் சோற்றைப் பிசைந்தார். கேட்கக் கேட்க இன்னும் என்னென்ன வருமோ என்று பயம். பிள்ளைகள் இரண்டும் சாப்பிட்டு, சிரித்து, நெருக்கிப் பிடித்து இரண்டு படம் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்கள். போகும்போது பிரசாந் வாசலில் நின்று, "மாமா, மூண்டு பாட்டெண்டால் மூச்சு வாங்கும். இப்பவே பழகத் தொடங்குங்கோ" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பாலாம்பிகை குசினியில் பாத்திரங்களை ஒதுக்கினார். கையைக் கழுவித் துடைத்தார். கதிரைகளைச் சுவரோடு தள்ளி நடுவில் இடம் பண்ணினார். பிறகு கணவனுக்கு முன்னால் வந்து, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினார்.

விமலநாதன் காலுறையைக் கழற்றினார். நீட்டின கையைப் பிடித்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்.

"எந்தக் காலை முதல் வைக்கிறது?" என்று கேட்டார்.

"உங்கடை விருப்பம். நீங்களே தெரிவு செய்யுங்கோ."

விமலநாதன் பதறிப் போனார். "ஐயோ வேண்டாமப்பா, நீரே சொல்லும்!"